எதையும் விடாத படிப்பு

நஞ்சுண்டன் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

கேட்டவர் கிரே ஹெரன் பல்கலைக்கழகத்தின் நெகிழ்வுப் பட்டப் பிரிவுக்கு டீன், டாக்டர் ஹாலிஸ் பென்ஃபீல்ட் என்ற அம்மையார். பள்ளி முடிக்கப்போகும் பிள்ளைகளையும் பெற்றோரையும் வரவழைத்து வளாகத்தைச் சுற்றிக் காட்டும் நாள் அது. புல்வெளியில் வெள்ளைக் கூடாரம், உள்ளே எலுமிச்சைச் சாறு, காகிதத் தட்டில் பிஸ்கட். வெளியே பல்கலைக்கழகத்தின் சின்னமான சாம்பல் நாரை வெண்கலத்தில் ஆளுயரத்துக்கு நின்றது. ஒரு காலைத் தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, காலடியில் தண்ணீர் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. பீடத்தில் பல்கலைக்கழகத்தின் வாசகம்: எதுவும் வீண்போவதில்லை. நஞ்சுண்டனுக்கு அது பிடித்திருந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் அவர் அப்பாவின் உரக்கடைக்கு எழுதிப்போட்டாலும் பொருந்தும் என்று மனைவி சாந்தியிடம் சொன்னார். சாந்தி நாரையைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இது மீனுக்குக் காத்துட்டு நிக்குதுங்க," என்றாள்.

நஞ்சுண்டன் அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் சோதிக்கும் ஒப்பந்த ஊழியர். வீடு பிரிட்ஜ்வாட்டரில். மகள் தென்றலை மூன்று வயதில் இந்த நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அன்று அவளிடம் டீன் அம்மையார் என்ன படிக்க விருப்பம் என்று கேட்டபோது, அவள் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னாள். வெள்ளம். அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஆற்றோரத்து ஊர் ஒன்றில் தோழியின் வீடு கூரைவரை முழுகியது. இரண்டு வருடத்தில் அதே வீட்டுக்குப் புது வண்ணம் அடித்து வேறொரு குடும்பத்துக்கு விற்றுவிட்டார்கள். தண்ணீர் ஏன் அங்கே வருகிறது, அது வருமென்று எந்த வரைபடம் சொல்கிறது, சொல்லியும் அந்த வீட்டை விற்க எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆக நீரியல், வரைபடவியல், காப்பீட்டுச் சட்டம் மூன்றும் சேர்ந்து வேண்டும். வேறு எங்கே கேட்டாலும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றார்கள். கிரே ஹெரனில் மட்டும்தான் எத்தனை பாடத்தையும் சேர்த்துப் படிக்கலாம்.

டீன் அம்மையார் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பெற்றவர் பக்கம் திரும்பி, இதற்கு முன்பு மகள் என்னவெல்லாம் கற்றிருக்கிறாள் என்று கேட்டார்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் எந்தத் தமிழ்த் தகப்பனிடமும் இப்படி ஒரு கேள்வியைத் தூக்கிப் போடக் கூடாது. பன்னிரண்டு வருட சனிக்கிழமைகளை அவர் இதற்காகவே செலவழித்திருக்கிறார். நஞ்சுண்டன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். ஐந்து வயதில் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்ட்டில் பரதம். பிஸ்காட்டவேயில் வீணை. அப்புறம் செஸ், அபாகஸ், நீச்சல். கராத்தேயில் மஞ்சள் பெல்ட் வரைக்கும். ஸ்பெல்லிங் போட்டிக்குத் தனியாகக் கோச்சிங். ஒரு கோடையில் களிமண் பொம்மை, அடுத்த கோடையில் ரோபோ. ஞாயிறு காலை தமிழ்ப் பள்ளி, மாலை ஸ்பானிஷ்.

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் தென்றல்.

எல்லாவற்றையும் முடித்தாளா என்று டீன் கேட்டார். நஞ்சுண்டன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். எல்லாம் பாதியில் நின்றுவிட்டது என்றார்.

"பாதியில்," என்று டீன் திருப்பிச் சொன்னார். நாக்கில் வைத்த இனிப்பைக் கரையவிடுகிறவர் குரல் அது. நஞ்சுண்டன் பேசும்போதே பக்கத்தில் நின்ற ஒருவர் அவரைப் படம் எடுத்திருந்தார்.

இந்தப் பல்கலைக்கழகத்தைச் சொன்னது ஜம்புநாதன். பிரிட்ஜ்வாட்டர் கோயில் கான்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கையில் பழக்கமானவர். அவர் மகன் அனிருத் அங்கேதான் நான்காம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். இசை, பொருளாதாரம், நரம்பியல் மூன்றையும் சேர்த்து எடுத்திருப்பதாகவும், கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார். தென்றலுக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொல்லப் போனபோது ஜம்புநாதன் சாம்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அனிருத் எப்போது முடிக்கிறான் என்று கேட்டதற்கு, "அவன் ஃப்ளெக்ஸிபிளா இருக்கான் சார்," என்றார். 

முதல் பருவத்துக்கான கால அட்டவணை ஆகஸ்டில் வந்தது. நீரியல் இருந்தது. அதற்குக் கீழே பரதநாட்டியம், இரண்டாம் நிலை, 'தொடர்ச்சி' என்று இருந்தது. அதற்குக் கீழே அபாகஸ், தொடர்ச்சி.

தென்றல் அலுவலகத்துக்குப் போய், ஏதோ தவறு நடந்திருக்கிறது, இவற்றை நான் கேட்கவில்லை என்றாள். தவறு ஏதுமில்லை என்று அங்கே இருந்தவர்கள் மிகுந்த அன்போடு விளக்கினார்கள். நெகிழ்வுப் பட்டத்தில் ஒரு மாணவர் எந்தப் பாடத்தையும் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அது முதல் விதி. தொடங்கிய எதுவும் வீண்போகக் கூடாது. அது இரண்டாம் விதி. அவள் ஐந்து வயதில் தொடங்கிய பரதம் பதின்மூன்று வருடமாக அவளுக்காகக் காத்திருக்கிறது. அதை இப்போது கைவிடுவது அந்த ஐந்து வயதுக் குழந்தைக்குச் செய்யும் அநீதி அல்லவா?

விட வழியே இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது, காரணம் சொன்னால் போதும் என்றார்கள். எனக்கு விருப்பம் இல்லை என்று காரணம் சொன்னாள். அது ஆழமான காரணம் என்று பாராட்டினார்கள். மறுநாள் அட்டவணையில் 'விருப்பமின்மை: ஒரு தத்துவ அறிமுகம்' என்ற பாடம் சேர்ந்திருந்தது. பரதமும் இருந்தது.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் தென்றல் காப்பீட்டுச் சட்டத்தின் பக்கமே போக முடியாமல் வீணையும் களிமண்ணுமாக அலைந்துகொண்டிருந்தாள். காலையில் ஆற்று நீரின் வேகம் அளக்கப் போவாள். மத்தியானம் ஓடிவந்து மஞ்சள் பெல்ட்டைக் கட்டிக்கொள்வாள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று விசாரித்தாள். அவர்கள் இதுவரை படித்ததற்குச் சான்று கேட்டார்கள். கிரே ஹெரன், தொடங்கியவை முடிந்ததும் சான்று தருவோம் என்றது.

நஞ்சுண்டனுக்கு அப்போதும் பெரிய கவலை இல்லை. மனிதர்களோடு முகம் பார்த்துப் பேசினால் தீராதது எதுவும் இல்லை என்று நம்புகிறவர். ஊரில் வாத்தியாரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டால் பாதிப் பிரச்சினை இலையிலேயே தீர்ந்துவிடும். டீன் அம்மையாரைச் சாப்பிட அழைத்தார்.

சாந்தி வேண்டாம் என்றாள். "ஏனுங்க, வாயத் தொறந்துதான் மொதல்ல மாட்டுனோம். இப்ப வீட்டையும் தொறந்து காட்டோணுமா?"

"சோறு போட்டா என்ன ஆயிரும் சாந்தி? அவங்களும் மனுசங்கதான?"

டீன் வந்தார். கூடவே அனிருத்தும் வந்தான். அவன் இப்போது ஆறாம் வருடம். படிக்கிறவன் என்றும் சொல்லலாம், வேலை பார்க்கிறவன் என்றும் சொல்லலாம். இணைப்பு வழிகாட்டி என்று சட்டையில் குத்தியிருந்தான். சின்ன வயதில் இதே வீட்டில் சாந்தி சுட்ட பணியாரத்தை எண்ணாமல் தின்றவன். இப்போது ஒரு பணியாரத்தை எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் வேதியியலும் ஞாபகமும் சந்திக்கின்றன என்று ஆங்கிலத்தில் சொன்னான். 'நான்' என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எல்லாம் 'நாங்கள்'தான்.

சாப்பாடு முடிந்து டீன் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. நஞ்சுண்டன் போய்ப் பார்த்தபோது ஹாலில் கோப்பை அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தார். பிரிட்ஜ்வாட்டரில் எல்லாத் தமிழ் வீட்டிலும் அப்படி ஓர் அலமாரி உண்டு. கலந்துகொண்டதற்கெல்லாம் கொடுத்த பிளாஸ்டிக் கோப்பைகள். மாறுவேடப் போட்டி, சாக்கு ஓட்டம், திருக்குறள் ஒப்பித்தல், பூசணிக்காயில் முகம் செதுக்கல். டீன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்து, தூசியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். அவசரமே இல்லை. அனிருத் பின்னாலேயே நடந்தான். நஞ்சுண்டனுக்கு அந்த நேரத்தில், வீட்டில் சோதனை போட வந்தவர்களுக்குத் தானே விருந்து வைத்துவிட்டதுபோல இருந்தது.

பேச்சை மாற்ற, தென்றல் எப்போது முடிப்பாள் என்று கேட்டார்.

"மற்ற பல்கலைக்கழகங்கள் நான்கு ஆண்டில் ஒரு மாணவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகின்றன," என்றார் டீன். "எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். இங்கே யாரும் தோற்பதில்லை. யாரும் போவதும் இல்லை. மாணவர்களை இழக்காத பல்கலைக்கழகங்களின் வரிசையில் பதினோரு ஆண்டுகளாக நாங்கள்தான் முதலிடம். ஒருவர் பட்டம் வாங்கிப் போய்விட்டாலும் அது ஓர் இழப்புதானே?"

நஞ்சுண்டன் சிரிக்க வேண்டுமோ என்று நினைத்துச் சிரித்தார். டீன் சிரிக்கவில்லை. கிளம்பும்போது சாந்தியின் கையைப் பிடித்து, இப்படி ஒரு வீட்டை எங்களுக்குத் திறந்துகாட்டியதற்கு நன்றி என்றார். அடுத்த பருவத்தில் மாறுவேடமும் சாக்கு ஓட்டமும் வந்தன.

மூன்றாம் வருடம் ஜனவரியில் குடியேற்ற வழக்கறிஞர் ஃபோன் செய்தார். அதுவரை வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது அன்றோடு போயிற்று.

இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கவிடும் கிரீன் கார்டுக்காக நஞ்சுண்டன் வரிசையில் நின்று பதினான்கு வருடம் ஆகிறது. தென்றல் அதுவரை அவரைச் சார்ந்த குழந்தை என்ற கணக்கில் இந்த நாட்டில் இருந்தாள். வருகிற ஆகஸ்டில் அவளுக்கு இருபத்தொரு வயது. அன்று காலை அவள் குழந்தை இல்லை. தொடர்ந்து இங்கே இருக்க வேண்டுமானால் அதற்குள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் ஒரு தாள் தரவேண்டும். தாளில் படிப்பின் பெயரும் அது முடியும் நாளும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என்றார் வழக்கறிஞர். எல்லா இடத்திலும் அரை மணி நேரத்தில் தருவார்கள் என்றும் சொன்னார்.

கிரே ஹெரனில் அந்தக் கேள்வியை யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. படிப்புக்குப் பெயரா? பெயர் என்பது ஒரு சுவர் என்று ஒருவர் சொன்னார். முடியும் நாளா? கற்றலுக்கு இறந்த நாள் குறிக்கச் சொல்கிறீர்களா என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். இருவருமே தென்றலின் நிலைமையை நினைத்துக் கண் கலங்கினார்கள். நாடு கடந்து போக நேர்வது இணைப்புக் கல்விக்கு அருமையான வாய்ப்பு என்றும், ஒரு கட்டுரையாக எழுதினால் அதையும் பாடமாகச் சேர்க்கலாம் என்றும் யோசனை சொன்னார்கள்.

தென்றல் வீட்டுக்கு வந்து சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்தாள். கைவிரல்களில் வீணைத் தந்தி அறுத்த கோடுகள்.  ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னாள். "எனக்கு அங்க யாரையும் தெரியாதுப்பா. கோபில நான் மொத்தமா ரெண்டு சம்மர்தான் இருந்திருக்கேன். I don't even know how to cross the road there."

நஞ்சுண்டன் தானே போய்ப் பேசுகிறேன் என்றார்.

"நீங்க பேசாம இருந்தாலே பாதி தீந்துரும்," என்றாள் சாந்தி. ஆனால் சொல்லும்போது அவள் குரலில் பழைய கடுமை இல்லை. அவளும் பயந்திருந்தாள்.

பெயரும் நாளும் கேட்கிறவர்கள் இணைப்பு அவை என்ற குழுவின் முன் வந்து கேட்க வேண்டும் என்றார்கள். மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மூவரும் போனார்கள். அந்தக் கட்டடத்துக்குள் சுவர்களே கிடையாது. அறைகளைப் பிரிப்பது அறிவைப் பிரிப்பதாகும் என்று இடித்துவிட்டார்களாம். மேசை, நாற்காலி, கரும்பலகை எல்லாவற்றுக்கும் சக்கரம். யாராவது அசைந்தால் எல்லாம் மெல்ல உருண்டு இடம் மாறும். வந்த வழி எது என்று சாந்தி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். முதல் தடவை தெரிந்தது.

சுற்றிலும் மாணவர்கள் அமைதியாக எதையோ செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் டிராம்போன் என்ற ஊதுகொம்பைத் துடைத்தார். ஒருத்தி கால்குலேட்டரும் பின்னல் ஊசியுமாக இருந்தாள். அவர்களில் பலருக்குக் காதோரம் நரைத்திருந்தது. யாரும் சோகமாக இல்லை. நஞ்சுண்டனை அதிகம் பயமுறுத்தியது அதுதான்.

தென்றலுக்கு முந்தைய முறை ஒரு தாடிக்காரருடையது; அவர் அவைமுன் நின்றார். டிராம்போனுக்கும் பாலாடைக்கட்டிக்கும் என்ன தொடர்பு என்று ஒன்பது வருடமாகத் தேடி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டாராம். இரண்டிலும் காற்று இருக்கிறது. அவை எழுந்து நின்று கைதட்டியது. பிறகு டீன், காற்று என்றால் வானிலையியல் அல்லவா என்று கேட்டார். தாடிக்காரர் நெற்றியில் கை வைத்து, அடடா, அதை யோசிக்கவில்லையே என்றார். நன்றி சொல்லிவிட்டு டிராம்போனை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

தென்றலின் முறை வந்தது. அவள் உட்காரவில்லை. தனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி என்றாள். முழுகும் வீட்டை ஏன் திரும்பத் திரும்ப விற்கிறார்கள் என்ற கேள்வி. அதற்கு மூன்று பாடம் வேண்டும். மூன்றும் இங்கே இருப்பதாகச் சொன்னதால்தான் வந்தேன். மூன்றில் இரண்டை மட்டுமே இதுவரை தொட முடிந்திருக்கிறது. மூன்றாவதைப் படிக்கவிட்டு, அதற்கு ஒரு பெயரும் ஒரு நாளும் கொடுத்தால் போதும். ஆகஸ்டுக்குள் கொடுக்காவிட்டால் நான் இங்கே இருக்க முடியாது.

நேராக, தடுமாறாமல் சொன்னாள். நஞ்சுண்டனுக்குப் பெருமையாக இருந்தது. அவையும் அப்படியே நினைத்ததாகத் தெரிந்தது. டீன் எழுந்து நின்றார்.

"தென்றல், உன் வெள்ளத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் நீ ஒரு கேள்விக்காக இத்தனை பாடங்களை அநாதையாக்கப் பார்க்கிறாய். நெகிழ்வு என்றால் என்ன? எதையும் விடாத பிடி. உன் வீட்டு அலமாரியை நான் பார்த்தேன். எத்தனை தொடக்கங்கள். இவற்றையெல்லாம் தொடங்கியது யார் என்று உன்னையே கேட்டுக்கொள். தொடங்கியவள் இருக்கும்வரை அவை காத்திருக்கும். இந்தியாவுக்குப் போனாலும் காத்திருக்கும். எங்களுக்கு அவசரம் இல்லை."

அனிருத் தலையசைத்தான்.   தென்றல் அப்பா பக்கம் திரும்பினாள். குற்றம் சொல்லும் பார்வை அல்ல. ஐந்து வயதில் எடிசனில் அந்த பேஸ்மென்ட் படிக்கட்டின் மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்த அதே பார்வை. அன்று அவர், போ கண்ணு, நான் இங்கேயேதான் இருப்பேன் என்று கையசைத்துவிட்டுக் காருக்குப் போயிருந்தார்.

நஞ்சுண்டன் எழுந்தார். அவர் நாற்காலி பின்னால் உருண்டு போனது.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் கோபிச்செட்டிபாளையத்து ஆங்கிலம். சாந்தியின் காதில் அது இப்படித்தான் விழுந்தது:

"அவ ஒண்ணும் தொடங்கலீங்க. எதுக்கும் போறேன்னு ஒரு நா கேட்டதில்ல. பக்கத்து வீட்டுப் புள்ள போச்சு, கோயில்ல பாத்தவங்க புள்ள போச்சு, அதனால நான் கூட்டிட்டுப் போனேன். கார்ல உக்கார வெச்சது நானு. எறக்கி வுட்டது நானு. முடியற வரைக்கும் பார்க்கிங்ல காத்துட்டு இருந்ததும் நான்தான். அவ தொடங்குனது வெள்ளம் ஒண்ணுதான். மிச்சமெல்லாம் என்னுதுங்க."

 எங்கோ ஒரு நாற்காலி சக்கரம் மெல்லத் திரும்பியது.

"உங்களுடையது," என்றார் டீன்.

"ஆமாங்க. என்னுது."

சாந்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் தாமதமாக இழுத்தாள்.

அவை எழுந்து கைதட்டியது. தாடிக்காரருக்குத் தட்டியதைவிடப் பலமாக. கற்றலுக்கு ஒருவர் இப்படிப் பொறுப்பேற்றுக்கொண்டதை இந்தக் கட்டடம் பார்த்ததில்லை என்று டீன் கண்ணைத் துடைத்தார். அனிருத் ஒரு மேசையை உருட்டிக்கொண்டு வந்தான். அதன்மேல் தென்றலுக்கான தாள் அச்சிட்டு இருந்தது. படிப்பின் பெயர், வெள்ள ஆய்வு. முடியும் நாள், அடுத்த வருடம் மே மாதம் பதினைந்து. மை காய்ந்திருந்தது. எப்போதோ அச்சிட்டு வைத்ததுபோல இருந்தது.

தாளுக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் அடையாள அட்டை. மூலையில் சாம்பல் நாரை. நடுவில் நஞ்சுண்டனின் படம். மூன்று வருடத்துக்கு முன் கூடாரத்தில் எடுத்தது. படத்தில் அவர் வாயைத் திறந்து பேசிக்கொண்டிருந்தார்.

மறுக்க முடியுமா என்று சாந்தி கேட்டாள். தாராளமாக மறுக்கலாம் என்றார்கள். மறுத்தால் பாடங்கள் முந்தைய உரிமையாளருக்கே திரும்பிப் போகும். தாளும் அத்தோடு ரத்தாகும். நஞ்சுண்டன் தாளை மகளிடம் கொடுத்துவிட்டு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவருக்குத் தெரிந்தவரை அது ஒன்றும் கனமாக இல்லை. வங்கியில் மாட்டும் அட்டையைப் போலத்தான் இருந்தது.

ஜூலையில் தென்றலின் விசா வந்தது. வழக்கறிஞர் வாழ்த்துச் சொன்னார். சாந்தி கோயிலில் ஓர் அர்ச்சனை செய்தாள். ஜம்புநாதனைக் கான்டீனில் பார்த்தபோது அவர் எழுந்து வந்து நஞ்சுண்டனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு இது தோணவே இல்லையே சார், என்னுதுன்னு நான் சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தார். பிறகு அட்டையைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் தென்றல்தான் கார் ஓட்டுகிறாள். பாடங்களை விட்ட இடத்திலேயே போய்த் தொடர வேண்டும் என்று கிரே ஹெரன் சொல்லியிருந்தது. காலையில் பிஸ்காட்டவேயில் வீணை. நஞ்சுண்டன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு அந்த வீட்டு பேஸ்மென்ட் படியில் இறங்குவார். ஏழு வயதுப் பிள்ளைகள் நகர்ந்து இடம் விடும். அவற்றில் ஒன்று, ரக்ஷா என்ற பெண், அங்கிள், உங்களை யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மகள் என்றார். அவள் புரிந்ததுபோலத் தலையாட்டினாள். பதினோரு மணிக்கு எடிசனில் பரதம். மத்தியானம் நீச்சல். தென்றல் பார்க்கிங்கில் காத்திருந்து காப்பீட்டுச் சட்டம் படிப்பாள். மஞ்சள் பெல்ட் தேர்வில் தகப்பன் மூன்றாம் முறை தோற்றபோது, கிரே ஹெரனில் யாரும் தோற்பதில்லை என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து போட்டார்கள்.

முதல் சனிக்கிழமை அவர் இறங்கப் போனபோது தென்றல் எட்டிக் கதவைத் திறந்துவிட்டாள்.

"போங்கப்பா. நான் இங்கயேதான் இருப்பேன்," என்றாள். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டாள்.

டிசம்பரில் பருவ முடிவுக் கலந்துரையாடலுக்கு வரச்சொன்னார்கள். சாந்தி வாசல்வரை வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். என்ன கேட்டாலும் ஒன்றும் சொல்லக் கூடாது. நஞ்சுண்டன் அவள் தலையில் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

சுவரில்லாத அந்தக் கூடத்தில் டீனும் அனிருத்தும் அவருக்காக வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே பனி பெய்து நாரையின் முதுகு வெளுத்திருந்தது. வீணையில் அவர் முன்னேற்றத்தைப் பாராட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள். பிறகு டீன் மிக மென்மையாகக் கேட்டார். மகளுடையதை எல்லாம் ஏற்றுக்கொண்டீர்கள். உங்கள் சொந்த வாழ்க்கையில் ஏதாவது பாதியில் நிற்கிறதா?

நஞ்சுண்டன் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. டீன் காத்திருந்தார். அனிருத் காத்திருந்தான். தூரத்தில் டிராம்போனைத் துடைத்துக்கொண்டிருந்த தாடிக்காரரும் துடைப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கோபியில் படித்த டைப்ரைட்டிங் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். தபாலில் சேர்ந்து நின்றுபோன சட்டப் படிப்பு நினைவுக்கு வந்தது. அதையும் விழுங்கினார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று அவரை வளர்த்தவர்கள் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"கிரீன் கார்டுங்க," என்றார்.

டீன் கண்ணை மூடினார். "பாதியில்," என்றார்.

அனிருத் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். இத்தனை வருடத்தில் அவன் தமிழில் பேசி நஞ்சுண்டன் கேட்டதில்லை. இப்போது பேசினான். சுத்தமாக, இதமாக, அவன் அப்பாவின் குரலிலேயே பேசினான்.

"எப்ப அப்ளை பண்ணேள் அங்கிள்? மொதல்லேருந்து சொல்லுங்கோ. நமக்கு டைம் இருக்கு."

நஞ்சுண்டன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.